கழற்றிப் பூட்டிய விமானம்

மாத்தளை மகாதேவனை மிருதங்க வித்வான் என்று இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தவறு முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். குடும்பத்தோடு நவக்கிரகக் கோயில்களைச் சுற்றக் கும்பகோணம் வந்திருந்தவர், என் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தார். என்ன வேலை என்று கேட்டேன்.

"கச்சேரியில" என்றார்.

தினமுமா?

"சனி ஞாயிறு லீவு. மற்ற நாளெல்லாம் காலமை துடங்கினா பின்னேரம்தான் முடியும்."

அடேயப்பா, அந்த ஊரில் என்ன ரசிகர் கூட்டம் என்று மலைத்துப்போனேன். அவர் விரல்களைப் பார்த்தேன். தடிமனாக இருந்தன. மிருதங்கம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "கச்சேரி எப்படிப் போகுது?" என்று விசாரிப்பேன். "ஆக்கள் காணாது அண்ணை. எல்லாரும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போகினம்" என்பார் வருத்தத்தோடு. பக்கவாத்தியக்காரர்களைச் சொல்கிறார் என்று நானும் சேர்ந்து வருந்துவேன்.

இலங்கையில் கச்சேரி என்றால் கலெக்டர் ஆபீஸ். மகாதேவன் அங்கே காணிப் பிரிவில் எழுத்தர். இதை நான் தெரிந்துகொண்டது மாத்தளையில் அவர் வீட்டு ஹாலில், மிருதங்கத்துக்குப் போடுகிற சரிகை உறை ஒன்றை ஆசையோடு அவர் மடியில் வைத்த பிறகுதான். அவர் மனைவி புஷ்பம் உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு தையல் மெஷினின் தலைக்கு மாட்டினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நம்பிக்கை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. தமிழ் தெரிந்த ஊருக்கு வந்திருக்கிறோம், வாயைத் திறந்தால் பிழைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கை.

நான் போனது ஒரு காலண்டருக்காக. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் கோயில் படம் எடுத்துக்கொடுப்பவன். அந்த வருஷம் அவருக்குத் தோன்றிய யோசனை, மாதத்துக்கு ஒரு விமானம். விமானம் என்றால் பறப்பதல்ல. கோயில் வாசலில் நிற்பது கோபுரம். கருவறையில் சாமியின் தலைக்கு மேலே, தளம் தளமாகக் குறுகி ஏறிக் கலசத்தில் முடிகிறதே, அது விமானம். என் தொழிலில் இந்த வித்தியாசம் தெரியாதவனுக்கு அட்வான்ஸ் கிடைக்காது.

இப்படிப் படிப்படியாக அடுக்குகிற ஆசை நமக்கு மட்டும் வந்ததென்று நினைக்க வேண்டாம். ஈராக்கில் ஆற்றங்கரைக்காரர்கள் செங்கல்லால் அடுக்கினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவில் அடுக்கினார்கள். கம்போடியாவில் அடுக்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சந்தேகம். அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் வைத்தால்தான் எதுவும் விழாமல் நிற்கும். என் பேரன் சமையலறையில் பருப்பு டப்பாக்களை அப்படித்தான் அடுக்குகிறான். அவன் மெக்சிகோ போனதில்லை. பேரன் அடுக்கினால் முதுகில் ஒன்று வைக்கிறோம், ராஜா அடுக்கினால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்.

பதினோரு மாதத்துக்கு நம்மூர் விமானங்கள் கிடைத்துவிட்டன. டிசம்பர் காலியாக இருந்தது. அப்போது அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்: இலங்கையில் மாத்தளைக்கு வடக்கே நாலந்தா என்ற ஊரில், ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கற்கோயில் ஒன்று, பார்த்தால் நம் பல்லவர் கட்டியதுபோலவே இருக்கிறது. அணை கட்டியபோது தண்ணீரில் மூழ்கிவிடும் என்று, கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கொண்டுபோய்த் திரும்பவும் கட்டியிருக்கிறார்கள்.

"கழட்டிப் பூட்டுன விமானம்யா! டிசம்பருக்கு அதான்" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, அங்க சண்டை நடக்குதே?"

"சண்டை வடக்குல நடக்கு. நீரு போறது நாட்டுக்கு நட்டநடுவுல. பயப்படாம போயிட்டு வாரும்."

நட்டநடு என்பது எல்லாப் பக்கத்து ஆபத்துக்கும் சமதூரம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் நாள் கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். கூட்டத்தில் டிரைவருக்குப் பின்னாலிருந்த முதல் சீட் மட்டும் காலி. என் பெட்டி, கேமரா, முக்காலி எல்லாவற்றோடும் அதில் சரிந்தேன். யாரும் உட்காராத சீட்டைக் கண்டால் ஏன் என்று யோசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு புத்த பிக்கு ஏறினார். பஸ்ஸே என்னைப் பார்த்தது. கண்டக்டர் என் தலைக்கு மேலே விரலை நீட்டினார். மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்ட ஆசனம் என்று தமிழிலும் எழுதியிருந்தது.

"தமிழ் வாசிக்கத் தெரியாதாங்க?" என்றார் கண்டக்டர் தமிழில்.

மாத்தளைவரை நின்றுகொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு முக்காலி யாரையாவது குத்தியது. பிக்கு மட்டும் இரக்கப்பட்டு என் கேமராப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மகாதேவன் வீட்டில் இடியப்பமும் சொதியும் சம்பலும் காத்திருந்தன. இடியப்பம் நாங்களும் செய்வோம், விருந்தாளி வந்தால், கண்ணில் காட்டுகிற அளவுக்கு. இங்கே தட்டுத் தட்டாகக் கோபுரம்போல் அடுக்கி வைத்துவிட்டு, "ஒண்டும் சாப்பிடேல்லை, உடம்புக்குச் சரியில்லையோ?" என்று கேட்கிறார்கள். சொதி என்பது தேங்காய்ப் பாலில் மஞ்சள் நீராடிய ரசம். முதல் வாய்க்கு ஒன்றும் புரியவில்லை. நான்காவது கரண்டிக்கு நானே கையை நீட்டினேன். காபி கேட்டதுதான் பிழை. தேயிலை விளைகிற நாட்டில் காபி கேட்பது, பித்தளைக்குப் பேர்போன கும்பகோணத்தில் வந்து பிளாஸ்டிக் குடம் கேட்பதுபோல.

இருட்டியதும் ஊர் முழுக்க விளக்கு அணைந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை.

"பிளேன் வருதாம்" என்றார் மகாதேவன், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

வடக்கிலே சண்டை போடுகிறவர்களிடம் சிறிய விமானங்கள் வந்திருந்த வருஷம் அது. துண்டு துண்டாகக் கடத்திவந்து காட்டுக்குள் பூட்டினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவை கிளம்பியதாகத் தகவல் வந்தால் இப்படி அணைத்துவிடுவார்களாம். நான் உடனே மேஜைக்கு அடியில் போய்விட்டேன். சற்று நேரத்தில் விளக்கு வந்தது. மகாதேவனும் புஷ்பமும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைத் தேடினேன் என்றேன். என் செருப்பு வாசலில் இருந்தது அவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் மகாதேவன் கச்சேரி செய்யப் போய்விட்டார். நான் ஊரைப் பார்த்தேன். மாத்தளையில் ரயில் பாதை முடிந்துவிடுகிறது. வடக்கே போகிற உத்தேசம் அதற்கு இல்லை. தெருவெங்கும் மிளகும் கிராம்பும் மணக்கின்றன. மாரியம்மன் கோயில் ராஜகோபுரம் கழுத்து வலிக்கிற உயரம்; நம்மூரில் இருப்பதைவிட அதிகமான பொம்மைகள், அதைவிட அதிகமான வண்ணங்கள். கேமராவை எடுத்துவிட்டு, வேண்டாம், இது வாசல்கோபுரம், காலண்டருக்கு ஆகாது என்று தொழில் தர்மத்தோடு திரும்ப வைத்தேன். சாயங்காலம் இதை மகாதேவனிடம் சொன்னபோது, "முந்தி கலவரத்தில எரிச்சவை. பிறகு இன்னும் உயரமாக் கட்டினது" என்றார்.

மூன்றாம் நாள் அவர் லீவு போட்டு, மத்தியானத்துக்கு மேல் என்னோடு நாலந்தா வருவதாக ஏற்பாடு. காலையில் நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனபோது புஷ்பம் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, ஒண்டு சொல்லவே? குறை நினைக்கக்கூடாது."

"சொல்லும்மா."

"இவற்ற ஐடென்டிக் கார்ட்டில பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. இஞ்ச முப்பது வருஷம் இருந்தும் அதை மாத்தேலாது. போன முறை இப்பிடித்தான் தம்புள்ளைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போனவர். பஸ்ஸால இறக்கி, சும்மா விசாரிக்க எண்டு கொண்டுபோனவை. மூண்டு கிழமை. நான் ஒவ்வொரு நாளும் சோத்துப் பார்சலோட வாசல்ல நிண்டனான்."

மூன்று வாரமா? டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவர் உங்களிட்டச் சொல்லமாட்டார். உங்களை நம்பித்தான் விடுறன். இருட்ட முந்திக் கூட்டிக்கொண்டு வாங்கோ. மற்றது, உங்கட பகிடிகளை மட்டும் வீட்டில வச்சிட்டுப் போங்கோ."

என் வேடிக்கைப் பேச்சையெல்லாம் வைத்துவிட்டுப் போகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

நாலந்தா வழியாகப் போகிற தம்புள்ளை பஸ்ஸில் இடம் கிடைத்தது. மகாதேவனிடம் வழியெல்லாம் நச்சரித்தேன். இந்தக் கோயிலை உண்மையில் யார் கட்டினார்கள்?

"கெடிகே எண்டு சொல்லுவினம் சிங்களத்தில. எங்கட ஆக்கள் கட்டினது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். தங்கட ஆக்கள் கட்டினது எண்டு அவையள் சொல்லுவினம். இந்தியாவில இருந்து வாறவை தாங்கள்தான் எண்டு சொல்லுவினம். அச்சு சிவன் கோயில் மாதிரி. ஆனா புத்தர் இருந்திருக்கிறார் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுகினம்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் காணிப் பகுதி அண்ணை. ஒரு துண்டுக் காணிக்கு மூண்டு பேர் உறுதிப் பத்திரம் கொண்டுவந்தா, நான் மூண்டு பேரையும் இருக்கச் சொல்லி முதல்ல தேத்தண்ணி குடுப்பன்."

நாலந்தாவுக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிச் சோதனைச்சாவடியை நடந்து கடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மகாதேவன் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வைத்திருந்த விதத்திலிருந்து, அவர் இதைக் கனவிலும் செய்கிறார் என்று தெரிந்தது. எனக்கு முன்னால் நான்கு பேர். முதல் மேஜையில் மெலிந்த போலீஸ் இளைஞன், நெஞ்சில் நஸீர் என்று பெயர்ப் பட்டை.

அப்போது மகாதேவனின் செல்போன் அடித்தது. அண்ணாச்சிக்கு நான் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உங்கட சிவகாசிக்காரர். பிறகு எடுக்கச் சொல்லுங்கோ."

அண்ணாச்சிக்குக் காது மந்தம். அவரிடம் பேசுவதென்றால் எனக்கு ஒரே ஒரு குரல்தான் உண்டு.

"அண்ணாச்சி! ஆமா, விமானத்துக்கிட்ட வந்துட்டோம்! ... இல்ல இல்ல, கழட்டுன விமானம்தான்! துண்டு துண்டாப் பிரிச்சு மேட்டுல கொண்டுபோய்ப் பூட்டி வச்சிருக்காங்க! ... ஆமா, யார் கண்லயும் அதிகம் படாத எடம்! ... இன்னிக்கே ஷூட் பண்ணிடுவேன்! ... தெக்குப் பக்கம் உச்சியில ஒரு குண்டு இருக்காம், அதத் தனியா எடுக்கணும்! ... எல்லாம் மகாதேவன் பாத்துக்குறாரு! சிவகாசியில வேலைய ஆரம்பிங்க, டிசம்பர்ல ஊரே அதிரும்!"

அந்தக் குண்டு யார் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் தெற்கு முகத்தில் தொப்பையோடு உட்கார்ந்திருக்கிற குபேரன்.

போனை மூடிவிட்டு நிமிர்ந்தேன். வரிசை எனக்கு முன்னும் பின்னும் காலியாகியிருந்தது. முன்னால் நின்ற நால்வரும் நஸீருக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்கள். மகாதேவனின் கை, போனைத் திரும்ப வாங்க நீட்டியது, பாதியில் நின்றிருந்தது. அவர் முகத்தில் இருந்த நிறத்தை நான் டார்க் ரூமில் கழுவிப்போன படங்களில் பார்த்திருக்கிறேன்.

"ஐயா" என்றான் நஸீர், மிகவும் மெதுவாக. "என்ன பிளேன் அது?"

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் செய்திருக்கக்கூடிய காரியங்கள் எத்தனையோ உண்டு. நான் திருத்தினேன்.

"பிளேன் இல்ல தம்பி. விமானம்!"

"ரெண்டும் ஒண்டுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? இது ஆயிரம் வருஷத்து விமானம்!"

"பழைய பிளேனா?"

"தம்பி, இதுல தளம் இருக்கு, கழுத்து இருக்கு..."

"தளமும் ஈக்கா!" என்றான் நஸீர். விமானத் தளம் என்று பத்திரிகையில் வருவதைத்தான் அவன் வாசித்திருக்கிறான். அவன் குரலும் நடுங்கியது. அங்கே இருந்தவர்களில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் புரிந்த போலீஸ்காரன் அவன் ஒருவன்தான். பாவம், பயப்படுவதற்கு வேண்டிய தகுதி அவனுக்கு மட்டும்தான் இருந்தது.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. எங்களைச் சாலையோரத்து ஓட்டுக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மகாதேவனை வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்காரவைத்து அட்டையையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். என்னை உள்ளே, இன்ஸ்பெக்டருக்கு எதிரே. ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. தமிழ் ஒரு சொல்கூட வராது என்று நஸீர் சொன்னான்.

பெயர் கேட்டார்கள். "சாரங்கபாணி" என்றேன். பாஸ்போர்ட்டில் கல்யாணராமன் என்று இருந்தது. சாரங்கபாணி என் அப்பா. பயத்தில் நான் ஒரு தலைமுறை பின்னால் போய்விட்டேன். ஊர் கேட்டார்கள். கும்பகோணம். வேலை? "ஷூட்டிங்" என்றேன். நஸீர் இதை மொழிபெயர்ப்பதற்கு முன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அவன் பேசியது எனக்குப் புரியாது. ஆனாலும் நடுவில் "பிளேன்" மட்டும் தெளிவாகக் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. வரப்போவதெல்லாம் கண்முன் ஓடியது. கும்பகோணத்தில் பத்திரிகையில் என் படம் வருகிறது. நானே எடுத்த படம், ஆகவே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. என் மனைவி, "கிளம்பும்போதே சொன்னேன்" என்கிறாள். இது எல்லாவற்றையும்விட மோசமானது, திறந்த கதவு வழியே தெரிந்த மகாதேவனின் முழங்கால்கள். ஒன்றோடொன்று சேர்த்து, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். நான் இந்தியன், அதிகம் போனால் என்னை ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அவரை எந்த ஊருக்கு ஏற்றிவிடுவார்கள்?

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பி ஏதோ உத்தரவு போட்டார். அதிலும் பிளேன். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. பால் ஊற்றாத வெறும் தேநீர். அதன் பெயர் பிளேன்டீ என்பதை அந்த நாட்டில் எனக்கு யாரும் அதுவரை சொல்லவில்லை. மகாதேவன் வீட்டில் விருந்தாளி என்று பால் ஊற்றியே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு மடக்குக் குடித்ததும் தைரியம் வந்தது. நஸீரை நம்பிப் பயனில்லை என்று இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, தமிழிலேயே சொன்னேன்:

"வி-மா-னம்."

நஸீர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"விமானய?" என்றார்.

"விமானம்! விமானம்!"

மேஜையில் கிடந்த தடிப் புத்தகத்தை இழுத்து வைத்தேன். அதன்மேல் மைப்பெட்டி. அதன்மேல் முத்திரைக் கட்டை. அதன்மேல் அவருடைய தீப்பெட்டி. உச்சியில் கலசத்துக்குப் பேனா மூடியை நிறுத்தினேன். இரண்டு தடவை விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஆழ்ந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டிப் பேனா மூடியை எடுத்தார். தீப்பெட்டியைப் பாதி உடைந்ததுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தார்.

"கெடிகே" என்றார். நாலந்தா விமானத்துக்கு இப்போது உச்சி முழுசாக இல்லையாம்.

அறையே குலுங்கும்படி சிரித்தார். நஸீரிடம் நீளமாகச் சொன்னார். நஸீரின் காது சிவந்தது.

"என்ன சொல்றார் தம்பி?"

"சிங்களத்துல விமானயன்னா தேவர்மார் குடியிரிக்கிற மாளிகையாம். பன்சலையில, அதான் விகாரையில, சின்ன வயசுல பாடமாக்கினதாம். பறக்கிற பிளேனுக்கு அவங்க வேற பேர் செல்லுவாங்க. 'அந்த மனிசன் சரியாத்தான் செல்றாரு, நீதான் தமிழ் தெரியும்னு செல்லிக் கெடுத்துட்டே'ங்கிறாரு."

"குண்டு?"

"அதையும் கேட்டாரு. குண்டுன்னா தொப்பைக்காரன்னும் வருமேன்னு வயித்தைக் காட்டினேன். குபேரனாம்."

சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். எழுந்து வாசலுக்கு வந்து, "வாங்க மகாதேவன், போகலாம்" என்றேன்.

மகாதேவன் எழுந்திருக்கவில்லை. நஸீர் என் சட்டையைத் தொட்டான்.

"நீங்க போகலாம் ஐயா. அவர்ட ஐடென்டியை மாத்தளைக்கு அறிவிச்சிரிக்கி. அங்கேருந்து பதில் வரணும். அது இன்ஸ்பெக்டர்ட கையிலயும் இல்ல."

"எவ்வளவு நேரமாகும்?"

"வந்தா வரும்." நஸீர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "பொழுதுபட முந்தி வராட்டி, ஜீப் வந்து ஏத்திட்டுப் போகும்."

பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் அன்போடு ஏதோ சொன்னார். நஸீரே என்னை மோட்டார் சைக்கிளில் கெடிகேக்குக் கூட்டிப்போவானாம். குளத்துக்கு நடுவில் மேடு, இரண்டு பக்கமும் மரம், இப்போது நல்ல வெயில், படம் பிரமாதமாக வருமாம். நண்பர் இங்கேயே இருக்கட்டும்.

நான் மேற்கே பார்த்தேன். கற்சிற்பத்தின்மேல் சாய்வாக விழுந்து ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிற வெளிச்சம். இதற்காக நான் தாராசுரத்தில் நாள்கணக்கில் காத்துக்கிடந்திருக்கிறேன். மறுநாள் எனக்குக் கொழும்பிலிருந்து திரும்பும் பயணம்.

"போங்கோ அண்ணை" என்றார் மகாதேவன். "நான் இருப்பன். எனக்குப் பழக்கம்தானே."

நான் போகவில்லை. இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போலீஸ்காரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போக எனக்குப் பயம். புஷ்பத்தின் முன்னால் தனியாகப் போய் நிற்க அதைவிடப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே, கேமராவும் முக்காலியுமாக ஒரு வெளிநாட்டுக்காரன் பக்கத்தில் குந்தியிருந்தால் ஜீப்பில் வருகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று ஒரு கணக்கு. அது சரியான கணக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முக்காலியை வேண்டுமென்றே விரித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வராந்தாவில் நிறுத்திவிட்டு, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"விசரே உங்களுக்கு? வெளிச்சம் போகுது" என்றார்.

"வானம் மூடியிருக்கு" என்றேன். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை.

நேரம் போனது. ஒவ்வொரு தடவை உள்ளே போன் அடித்தபோதும் மகாதேவனின் முழங்கால்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கின. எதுவும் மாத்தளையிலிருந்து வந்ததில்லை. யாரோ ஒரு அம்மாள் காணாமற்போன மாட்டைப் பற்றி இரண்டு தடவை பேசினார். நஸீர் தன் ராத்திரிச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனான். சோறு, பருப்பு, கருவாடு. நான் ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. கருவாட்டை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். பிறகு ஒதுக்காமலும் சாப்பிட்டேன்.

வீதியில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவோம். லாரி என்று தெரிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

"அண்ணை" என்றார் ஒரு கட்டத்தில். "ஏதும் பகிடி சொல்லுங்கோவன்."

கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, எந்த இடத்திலும் வாயை மூடாதவன் நான். யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பகிடிகூட ஞாபகம் வரவில்லை.

"விமானத்தப் பத்திச் சொல்லவா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று என் வாயைப் பொத்தினார். அப்படியே தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, காரணம் தெரியாமல் தானும் சிரித்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறியது. பிறகு அங்கேயும் இல்லை. வராந்தாவில் விளக்குப் போட்டார்கள். வீதியில் ஒரு ஜீப் வேகத்தைக் குறைத்தது. மகாதேவன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"புஷ்பத்திட்டக் குடுங்கோ. போன முறை போனது திரும்பக் கிடைக்கேல்லை."

ஜீப் வாசலில் திரும்பி நின்றது. அதே நேரத்தில் உள்ளே போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் "ஹரி, ஹரி" என்று நாலைந்து தடவை சொன்னது கேட்டது; சிங்களத்தில் அது 'சரி, சரி'. நஸீர் ஓடிவந்தான், ஒரு கையில் அடையாள அட்டை, மறுகையில் செல்போன்.

மாத்தளையிலிருந்து பதில் வந்துவிட்டது. மகாதேவனை விட்டுவிட்டார்கள். மாத்தளைக்குப் போகிற பஸ் ஒன்றை நஸீரே கையைக் காட்டி நிறுத்தினான். உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்தோம். கெடிகே அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். நான் அதைப் பார்க்கவில்லை.